சாவு வரும் அத்தியாயத்தைக் கேட்ட குழந்தைகள்

1970களில் அமெரிக்க மானுடவியலாளர் மைரா புளூபாண்ட்-லாங்னர் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் பல மாதங்கள் இருந்து கவனித்தார். இரத்தப் புற்றுநோய் கண்ட, மூன்று வயதிலிருந்து ஒன்பது வயது வரையிலான குழந்தைகள் அங்கே இருந்தார்கள். அவர்கள் பிழைக்க மாட்டார்கள் என்பதைப் பெற்றோரோ டாக்டர்களோ அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எந்த மருந்து எதற்கு, எந்த மருந்துக்குப் பிறகு வேறு மருந்து கிடையாது, பக்கத்துக் கட்டிலில் இருந்தவன் ஏன் திரும்பி வரவில்லை என்பதையெல்லாம் தங்களுக்குள் பேசிப் பேசியே தெரிந்துகொண்டிருந்தார்கள்.

1978இல் வெளியான அவருடைய ஆய்வு நூலில் என்னால் மறக்க முடியாத ஒரு செய்தி உண்டு. அந்தக் குழந்தைகளுக்கு மிகவும் பிடித்த புத்தகம் ஈ. பி. வைட் எழுதிய 'சார்லட்ஸ் வெப்'. வில்பர் என்ற பன்றிக்குட்டியை வெட்டுக்குப் போகாமல் காப்பாற்றும் சிலந்தி ஒன்றின் கதை அது. நோய் முற்றிய குழந்தைகள் அதிலிருந்து வாசித்துக் காட்டச் சொன்னபோது மகிழ்ச்சியான அத்தியாயங்களைக் கேட்டதில்லை. சிலந்தி சார்லட் இறந்துபோகும் அத்தியாயத்தைத்தான் கேட்டார்கள். பிரிவில் ஒரு குழந்தை இறந்த பிறகெல்லாம் மற்றக் குழந்தைகள் அந்தப் புத்தகத்தை மறுபடி தேடினார்கள்.

இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால், சாகும் நோய் கண்ட பதின்ம வயதினரைப் பற்றி அதே வயதினருக்காக எழுதப்படும் நாவல்கள் ஏன் இத்தனை பேரால் வாசிக்கப்படுகின்றன என்பது ஓரளவு விளங்கும். 2013 ஜனவரியில் பிரிட்டனின் 'டெய்லி மெயில்' நாளிதழ் இந்த வகைக்கு 'சிக்-லிட்' (sick-lit, நோய் இலக்கியம்) என்ற பெயரைச் சொல்லி, பிள்ளைகளின் கையில் கொடுக்கத் தகாதவை என்ற தொனியில் ஒரு கட்டுரை வெளியிட்டது. அந்தக் குற்றச்சாட்டுகளில் சிலவற்றில் நியாயம் உண்டு. அவற்றுக்குப் பிறகு வருகிறேன். ஆனால் இவ்வகையின் நல்ல நாவல்களை அடுத்தடுத்து வாசித்தால் ஒன்று தெரியவரும். அவற்றில் சாவைப் பற்றிய பேச்சு நாம் எதிர்பார்ப்பதைவிடக் குறைவு. சாவைப் பற்றி அந்த வீட்டில் யாருக்கு என்ன தெரியும், யார் யாரிடம் எதை மறைக்கிறார்கள், அந்த மறைப்பு எப்போது உடைகிறது என்பதுதான் பக்கம் பக்கமாக வருகிறது.

சமூகவியலாளர்களான பார்னி கிளேசர், அன்செல்ம் ஸ்ட்ராஸ் இருவரும் 1965இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு பெயர் கொடுத்தார்கள்: பரஸ்பரப் பாசாங்கு. நோயாளிக்கும் தெரியும், குடும்பத்துக்கும் தெரியும், டாக்டருக்கும் தெரியும். ஆனால் ஒருவருக்கும் தெரியாததுபோல் எல்லோரும் நடந்துகொள்வார்கள். புளூபாண்ட்-லாங்னர் கண்ட குழந்தைகள் இந்த நாடகத்தில் கைதேர்ந்தவர்களாக இருந்தார்கள். உண்மையைப் பேசினால் பெரியவர்கள் அழுதுகொண்டு அறையை விட்டுப் போய்விடுகிறார்கள் என்பதை அவர்கள் பார்த்திருந்தார்கள். அம்மா பக்கத்திலேயே இருக்க வேண்டுமானால் தெரியாததுபோல் இருக்க வேண்டும். ஐந்து வயதுக் குழந்தை அம்மாவுக்காகப் பாசாங்கு செய்கிறது என்பதை ஏற்க எனக்கே நெடுநேரம் பிடித்தது. "அவனுக்குத் தெரிய வேண்டாம்" என்ற வாக்கியத்தைத் தமிழ்க் குடும்பங்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அந்த 'அவனுக்கு' ஏற்கனவே தெரிந்திருக்கலாம் என்று நாம் யோசிப்பதில்லை.

இந்த நாவல்களின் முன்னோர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இருக்கிறார்கள். 1847இல் வெளியான 'ஜேன் ஏர்' நாவலில் விடுதிப் பள்ளியில் காசநோயால் சாகும் ஹெலன் பர்ன்ஸ் ஒருத்தி. சார்லட் பிராண்டியின் அக்காள்மார் மரியா, எலிசபெத் இருவரும் அப்படி ஒரு பள்ளியிலிருந்து நோயோடு வீடு திரும்பி 1825இல் காசநோயால் இறந்தவர்கள். லூயிசா மே ஆல்காட்டின் 'லிட்டில் விமன்' நாவலின் பெத் இன்னொருத்தி. ஆல்காட் தன் தங்கை லிசியை 1858இல் இழந்தார். பதினோரு ஆண்டுகள் கழித்து நாவலின் இரண்டாம் பாகத்தில் பெத் இறக்கிறாள். இந்தப் பெண் பிள்ளைகள் எல்லோரும் அளவுக்கு மீறி நல்லவர்கள். கோபப்படுவதில்லை, பயப்படுவதில்லை, சுற்றியிருப்பவர்களைத் திருத்திவிட்டுப் போகிறார்கள். அந்தச் சாவு உயிரோடு இருப்பவர்களுக்கான பாடம். ஆனாலும் பெத்தின் கதையில் ஒரு காட்சி உண்டு. கடற்கரையில் அக்காள் ஜோவிடம் அவள் தனக்கு முன்பே தெரியும் என்று சொல்கிறாள். வீட்டில் மற்றவர்களிடம் நீயே சொல்லிவிடு என்று கேட்டுக்கொள்கிறாள். தேவதைபோல் வரையப்பட்ட பெத்கூட இந்தச் செய்தியைப் பல மாதம் தனியே சுமந்திருக்கிறாள்.

நோய்கள் மாற மாறக் கதைகளும் மாறின. ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, மருந்து கிடைத்த நாடுகளில் காசநோய் அழகாக இளைத்துச் சாகும் கதாநாயகிகளின் நோயாக நீடிக்க முடியவில்லை. அந்த இடத்துக்கு இரத்தப் புற்றுநோய் வந்தது. அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக் நோயையும் உருவகத்தையும் பற்றி எழுதிய நூலில் (அதுவும் 1978தான்) இதைக் கவனித்திருக்கிறார்: கட்டி இல்லாத, உறுப்பை வெட்டியெடுக்க வேண்டாத புற்றுநோய் என்பதால் காசநோயின் காதல் வேடத்தை அது எடுத்துக்கொண்டது. தமிழ் ரசிகர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. 1980களின் திரையில் கதாநாயகன் இருமிக் கைக்குட்டையில் இரத்தம் கண்டால் இடைவேளைக்குப் பிறகு என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

தேவதைப் பிள்ளை என்ற அச்சை உடைத்தவர்களில் முக்கியமானவர் சுவீடனின் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரென். 1973இல் அவர் எழுதிய 'லயன்ஹார்ட் சகோதரர்கள்' நாவலைச் சொல்பவன் கார்ல் என்ற நோயாளிச் சிறுவன். சமையலறையில் படுத்திருக்கும்போது, அவன் சாகப்போவதாக அம்மா இன்னொரு பெண்ணிடம் சொல்வது அவன் காதில் விழுகிறது. அவன் தூங்குவதாக அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள். அண்ணன் யோனதன் வந்ததும் நேராகக் கேட்கிறான்: உனக்குத் தெரியுமா? அண்ணன் பொய் சொல்வதில்லை. தெரியும் என்று சொல்லி, நங்கியாலா என்ற தேசத்தைப் பற்றிக் கதை சொல்கிறான். தம்பிக்கு முன்பே அண்ணன் ஒரு தீ விபத்தில் இறந்துவிடுவதும், அந்தத் தேசத்தில் கொடுங்கோலனை எதிர்த்து இருவரும் போராடுவதும் பின்னால் வருகின்றன. சுவீடனில் விமர்சகர்கள் சிலர் கடுமையாகத் தாக்கினார்கள். குழந்தைகளைச் சாவை விரும்ப வைக்கும் கதை என்றுகூடச் சொன்னார்கள். அந்தச் சமையலறைக் காட்சியில் லிண்ட்கிரென் செய்ததை அவர்கள் பார்த்ததாகத் தெரியவில்லை. சாகப்போகும் பிள்ளை கேட்கிறான், அவன் நம்பும் ஒருவன் பதில் சொல்கிறான். குழந்தை இலக்கியத்தில் அது அதுவரை எளிதில் நடக்காத ஒன்று.

அமெரிக்காவில் 1980களில் இந்த வகையை ஒரு தொழிலாகவே நிலைநிறுத்தியவர் லர்லீன் மெக்டேனியல். மகனுக்கு மூன்று வயதில் நீரிழிவு வந்த பிறகு இத்தகைய கதைகளின் பக்கம் திரும்பியவர் அவர். 1985இல் வெளியான 'சிக்ஸ் மந்த்ஸ் டு லிவ்' நாவலின் நாயகி டான், இரத்தப் புற்றுநோய் வந்த 13 வயதுச் சிறுமி. 1990இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் எதிர்காலத்துக்காகப் பூட்டி வைத்த பேழையில் அந்த நாவலும் இடம்பெற்றது. மெக்டேனியலின் நாவல்கள் எழுத்தின் அளவில் எளியவை. ஒன்றை வாசித்தால் அடுத்தது எப்படிப் போகும் என்று சொல்லிவிடலாம். ஜூலி எல்மன் என்ற ஆய்வாளர் இவற்றைப் பற்றி 2012இல் எழுதிய கட்டுரையில் கூர்மையான ஒரு குறையைச் சுட்டினார். இந்தக் கதைகளில் நோயாளிப் பெண் குணமாவதற்கான வழி, விக் வைத்து, ஒப்பனை செய்து, ஒரு பையனின் காதலைப் பெற்று மறுபடி 'பெண்' ஆவதன் வழியாகவே போகிறது என்றார் அவர். இதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. அதே சமயம், கீமோதெரபி என்றால் என்ன, எலும்பு மஜ்ஜையை எப்படி எடுப்பார்கள், முடி எப்போது உதிரும் என்பதை ஒரு பதின்மூன்று வயதுச் சிறுமிக்குச் சொல்லக்கூடிய வேறு புத்தகம் அன்றைய பள்ளி நூலகத்தில் எத்தனை இருந்திருக்கும்?

பிரிட்டனில் ஜென்னி டௌன்ஹாம் 2007இல் 'பிஃபோர் ஐ டை' எழுதியபோது தேவதை முற்றிலுமாகப் போய்விட்டாள். 16 வயது டெஸ்ஸாவுக்கு இரத்தப் புற்றுநோய், சிகிச்சை கைவிட்டுவிட்டது. சாவதற்கு முன் செய்ய வேண்டியவை என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறாள். அதில் உடலுறவு, போதைப்பொருள், சட்டத்தை மீறுவது எல்லாம் உண்டு. அவள் சுயநலக்காரி, தந்தையைக் காயப்படுத்துகிறவள், தோழியின் மேல் பொறாமைப்படுகிறவள். அதனாலேயே அவள் மேல் எனக்கு மதிப்பு அதிகம். அவள் தந்தை இரவெல்லாம் இணையத்தில் புதுப்புது சிகிச்சைகளைத் தேடிக்கொண்டிருக்கிறார். மகள் சாகப்போகிறாள் என்பதை ஒப்புக்கொள்ள மறுக்கிறார். இங்கே பாசாங்கு செய்வது அப்பா மட்டும்தான், மகள் அதில் சேர மறுத்துவிடுகிறாள். கடைசிப் பக்கங்களில் டெஸ்ஸாவின் உணர்வு சிதறச் சிதற மொழியும் துண்டு துண்டாகிறது; அறையில் யார் பேசுகிறார்கள் என்பது வந்து வந்து மறைகிறது. சாகிறவளின் பார்வையிலேயே கடைசி மூச்சு வரை போவது எழுத்தாளருக்குப் பெரிய சவால், டௌன்ஹாம் அதை எதிர்கொண்ட விதம் அசாதாரணமானது.

இந்த வகையை உலகம் முழுவதும் கொண்டுபோனது அமெரிக்க எழுத்தாளர் ஜான் கிரீனின் 'தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்'. வெளியானது 2012 ஜனவரியில். கல்லூரி முடித்ததும் கிரீன் ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் சில மாதங்கள் பயிற்சி மதகுருவாக இருந்தார். மரணப் படுக்கையில் இருக்கும் பிள்ளைகளின் குடும்பங்களோடு உட்கார்ந்திருப்பதுதான் வேலை. அதைக் கதையாக எழுத ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் முயன்றும் வரவில்லை. பிறகு அவருக்கு எஸ்தர் ஏர்ல் என்ற சிறுமி நட்பானாள். தைராய்டு புற்றுநோயோடு வாழ்ந்த அவள் 2010 ஆகஸ்டில் 16 வயதில் இறந்தாள். நாவல் அவளுக்குச் சமர்ப்பணம். ஆனால் நாவலின் நாயகி ஹேசல் எஸ்தர் அல்ல என்று கிரீன் தொடர்ந்து சொல்லியிருக்கிறார். எஸ்தரின் நாட்குறிப்புகளும் கடிதங்களும் 2014இல் பெற்றோரின் முயற்சியில் தனி நூலாக வந்தன. நாவலைப் படித்தவர்கள் அதையும் படிப்பது நல்லது. நோயாளிப் பிள்ளை தானே எழுதியதும், ஆரோக்கியமான பெரியவர் அவளுக்காகக் கற்பனை செய்ததும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே விலகுகின்றன என்பது இரண்டையும் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

ஹேசலுக்கு வயது 16. தைராய்டில் தொடங்கி நுரையீரலுக்குப் பரவிய புற்றுநோய். மூக்கில் குழாய், கையில் இழுத்துச் செல்லும் ஆக்ஸிஜன் சிலிண்டர். பொதுவாகப் பதின்ம வயதில் வரும் தைராய்டு புற்றுநோயில் பெரும்பாலோர் பிழைத்துவிடுவார்கள். ஹேசலுடையது அரிதான நிலை. அவளை உயிரோடு வைத்திருக்கும் மருந்து கிரீனின் கற்பனை. அவள் காதலிக்கும் அகஸ்டஸுக்கு எலும்புப் புற்றுநோய், ஒரு கால் எடுக்கப்பட்டுவிட்டது. நண்பன் ஐசக்கின் இரண்டு கண்களும் போய்விடுகின்றன. சொன்டாக் சொன்ன 'வெட்ட வேண்டாத நோய்' என்ற சௌகரியத்தை கிரீன் இப்படிக் கைவிட்டார். காதல் இருக்கிறது, அழகான வசனங்கள் இருக்கின்றன, ஆம்ஸ்டர்டாம் பயணம் இருக்கிறது. கூடவே உடல் வெட்டப்படுகிறது, நாறுகிறது, வாந்தி எடுக்கிறது. வீரமாகச் சாக வேண்டும் என்று கனவு கண்ட அகஸ்டஸ், நள்ளிரவில் சிகரெட் பாக்கெட் வாங்கப் போன இடத்தில், வயிற்றுக் குழாயில் சீழ் பிடித்து, காருக்குள் வாந்தியோடு அழுதுகொண்டிருக்கிறான். ஹேசல் ஆம்புலன்ஸை அழைக்கிறாள். அந்தப் பக்கத்தைப் படித்த பிறகு, இது சாவை அழகாக்கும் புத்தகம் என்று யாரும் எப்படிச் சொல்கிறார்கள் என்று புரியவில்லை.

ஆனால் நாவலின் மையமாக நான் நினைப்பது காதல் காட்சிகளை அல்ல. ஹேசலுக்குப் பிடித்த ஒரு கற்பனை நாவல் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு அதில் வரும் நோயாளிப் பெண்ணின் அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ளத்தான் அவள் கடல் கடந்து அந்த எழுத்தாளரைப் பார்க்கப் போகிறாள். எழுத்தாளரோ குடிகாரர், பதில் சொல்ல மறுக்கிறார். ஹேசல் உண்மையில் கேட்பது தன் அம்மாவைப் பற்றித்தான். சில ஆண்டுகளுக்கு முன் தீவிர சிகிச்சைப் பிரிவில் அவள் சாகும் நிலையில் கிடந்தபோது, இனி நான் ஒரு அம்மாவாக இருக்க மாட்டேன் என்று அம்மா அழுதது அவள் காதில் விழுந்திருக்கிறது. அன்றிலிருந்து அந்த வாக்கியம் அவளோடு இருக்கிறது. அவள் சொல்லவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. கடைசியில் ஒரு சண்டையில் அது வெளியே வருகிறது. அம்மா சமூகப் பணிக்கான படிப்பு ஒன்றை மறைத்துப் படித்துக்கொண்டிருப்பது அப்போதுதான் தெரிகிறது. தான் இல்லாத காலத்துக்கு அம்மா தயாராவதாக ஹேசல் நினைத்துவிடுவாளோ என்ற பயத்தில் மறைத்திருக்கிறாள். ஹேசலுக்கோ அதைவிட நிம்மதியான செய்தி கிடையாது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் காப்பாற்றுவதாக நினைத்து, ஒருவர் மனத்திலிருந்த பாரத்தை மற்றவர் அறியாமல் வாழ்ந்திருக்கிறார்கள்.

கிரீன் இதை 'உண்மையைச் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகும்' என்ற பாடமாக ஆக்கவில்லை என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. அகஸ்டஸ் தன் இரங்கல் உரைகளைத் தானே கேட்க விரும்புகிறான். உயிரோடு இருக்கும்போதே தேவாலயத்தில் ஐசக்கும் ஹேசலும் பேசுகிறார்கள். அங்கே அவள் சொல்வது அவனுக்கு மட்டுமான உண்மை. சில நாட்கள் கழித்து உண்மையான இறுதிச் சடங்கு நடக்கிறது. அவன் பெற்றோர் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஹேசல் எழுதி வந்ததை விட்டுவிட்டு, அவர்கள் வீட்டுச் சுவர்களில் மாட்டியிருக்கும் ஊக்கமூட்டும் வாசகங்களின் பாணியில் ஆறுதலாகப் பேசிவிட்டு இறங்குகிறாள். இறுதிச் சடங்கு உயிரோடு இருப்பவர்களுக்கானது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பாசாங்கு எல்லா நேரத்திலும் கோழைத்தனம் இல்லை. சில சமயம் அது கொடுக்கப்படும் பரிசு. அதை யாருக்கு, எப்போது கொடுப்பது என்று நோயாளிப் பிள்ளையே முடிவு செய்கிறாள்.

ஜப்பானில் இதே விஷயம் வேறு வடிவம் எடுத்தது. யோரு சுமினோ 2014இல் இணையத்தில் எழுதி, மறு ஆண்டு அச்சில் வந்த 'உன் கணையத்தைத் தின்ன வேண்டும்' நாவலில், கணைய நோய் கண்ட பள்ளி மாணவி சகுரா தன் நோயை உயிர்த்தோழியிடம்கூடச் சொல்வதில்லை. சொன்னால் தோழி வழக்கம்போல் சிரிக்க மாட்டாள் என்பது அவளுக்குத் தெரியும். மருத்துவமனையில் தற்செயலாக அவள் நாட்குறிப்பைப் படித்துவிட்ட, யாரோடும் ஒட்டாத ஒரு வகுப்புத் தோழனுக்கு மட்டும் தெரியும். அவனோடுதான் அவளால் சாவைப் பற்றி வேடிக்கையாகப் பேச முடிகிறது. இறுதியில் அவள் நோயால் சாவதில்லை. தெருவில் யாரோ ஒருவன் குத்திக் கொன்றுவிடுகிறான். வாசகர்கள் பலருக்கு இந்த முடிவு பிடிக்கவில்லை. எனக்கு அது நேர்மையானதாகத் தோன்றுகிறது. நோயாளிக்கு ஓர் ஆண்டு இருக்கிறது, நமக்கு நிறைய இருக்கிறது என்ற கணக்கோடுதான் நாம் இத்தகைய கதைகளைப் படிக்கிறோம். சுமினோ அந்தக் கணக்கைக் கலைத்துவிடுகிறார்.

இனி குறைகள். இந்த நாவல்களில் பணத்தைப் பற்றிய கவலை பெரிதாகத் தலைகாட்டுவதில்லை. பெற்றோர் வேலையை விட்டதும், வீட்டை அடகு வைத்ததும், ஊசிக்காகக் கடன் வாங்கியதும் கதையாவது அரிது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்குச் சுமார் 4,00,000 குழந்தைகளுக்கும் பதின்ம வயதினருக்கும் புற்றுநோய் வருகிறது. பணக்கார நாடுகளில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் குணமாகிறார்கள். ஏழை, நடுத்தர வருவாய் நாடுகள் பலவற்றில் 30 சதவீதத்துக்கும் குறைவு. நோயைத் தாமதமாகக் கண்டுபிடிப்பது, சிகிச்சை எட்டாமல் போவது, பாதியில் விட்டுவிடுவது ஆகியவை அந்த நிறுவனம் சொல்லும் காரணங்களில் சில. இந்த வேறுபாட்டைக் குறைத்து 2030க்குள் உலகெங்கும் 60 சதவீதத்தையாவது எட்ட வேண்டும் என்று 2018இல் ஒரு திட்டத்தையும் அது தொடங்கியது. ஆக, உலகில் புற்றுநோயால் சாகும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோரின் கதை நியூயார்க்கிலோ லண்டனிலோ அச்சாகும் நாவல்களில் இல்லை. விதி என்று அந்த நாவல்கள் சொல்வது, வேறு நாடுகளில் பஸ் கட்டணமாகவும் மருந்துச் சீட்டாகவும் இருக்கிறது.

கிரீனின் நாவல் 2020இல் 'தில் பேச்சாரா' என்ற இந்திப் படமாக ஜாம்ஷெட்பூருக்கு வந்தபோதும் இந்தக் குறை தீரவில்லை. நாவலாசிரியருக்குப் பதில் ஓர் இசைக்கலைஞர், ஆம்ஸ்டர்டாமுக்குப் பதில் பாரிஸ், நாயகன் ரஜினிகாந்த் ரசிகன், இசை ஏ. ஆர். ரஹ்மான். ஊர் மாறியது, ஆனால் இந்தியாவில் ஒரு நடுத்தரக் குடும்பத்தில் புற்றுநோய் என்றால் என்ன என்பதற்குள் படம் அதிகம் நுழையவில்லை. அதன் நாயகன் சுஷாந்த் சிங் ராஜ்புத் படம் வெளியாவதற்குச் சில வாரங்களுக்கு முன், ஜூன் 14 அன்று இறந்துவிட்டார். அதனால் படத்தைக் கதையாக மட்டும் பார்ப்பது அப்போது யாருக்கும் இயலவில்லை. இந்த வகையில் நம் பக்கம் நினைவில் நிற்பது அதைவிடப் பழையது: தெலுங்கில் எடுக்கப்பட்டு 'இதயத்தைத் திருடாதே' என்று தமிழில் வந்த மணிரத்னத்தின் 1989 படம். நாயகனுக்குப் புற்றுநோய், நாயகிக்கு இதயக் கோளாறு. தான் சாகப்போவதை அவள் சிரித்துக்கொண்டே சொல்வாள்; கேட்பவர்கள்தான் திணறுவார்கள்.

இன்னொரு குறை, மருத்துவத்தின் வேகத்துக்கு இந்தக் கதைகளால் ஈடுகொடுக்க முடிவதில்லை என்பது. 2018 இறுதியில் நாவலாகவும் 2019 மார்ச்சில் திரைப்படமாகவும் வந்த 'ஃபைவ் ஃபீட் அபார்ட்' கதையில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய் கண்ட இருவர் காதலிக்கிறார்கள். நுரையீரலில் சளி கெட்டியாகித் தொற்றுகள் பெருகும் நோய் அது. ஒருவரின் கிருமி மற்றவரைக் கொன்றுவிடலாம் என்பதால் இந்த நோயாளிகள் ஒருவருக்கொருவர் ஆறடி தள்ளியிருக்க வேண்டும் என்பது விதி. அந்த ஆறில் ஒரு அடியையாவது நோயிடமிருந்து திருடிக்கொள்கிறாள் நாயகி ஸ்டெல்லா. படத்துக்கு ஆலோசனை சொன்ன கிளேர் வைன்லண்ட் என்ற இளம்பெண் அந்த நோயோடு வாழ்ந்து, இணையத்தில் அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசியவர். நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு 2018 செப்டம்பரில் 21 வயதில் இறந்தார். படம் வெளியான சில மாதங்களில், 2019 அக்டோபரில், டிரிகாஃப்டா என்ற மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அங்குள்ள நோயாளிகளில் ஏறத்தாழ 90 சதவீதத்தினருக்குப் பொருந்தக்கூடிய மருந்து அது. பலருக்கு மூச்சு திரும்பியது, எதிர்காலத் திட்டம் என்ற ஒன்று முதன்முறையாக வந்தது. ஆனால் ஆண்டுக்கு மூன்று லட்சம் டாலருக்கும் மேலான அதன் விலையை நினைத்தால், அந்த நாவல் அமெரிக்காவில் பழைய காலத்துக் கதையாகவும் வேறு பல நாடுகளில் இன்றையக் கதையாகவும் இருக்கிறது.

பிள்ளைகளிடம் இதையெல்லாம் பேசலாமா என்ற கேள்விக்கு மருத்துவ ஆய்வு ஒன்றும் பதில் சொல்லியிருக்கிறது. புற்றுநோயால் குழந்தையை இழந்த சுவீடன் பெற்றோர்களிடம் நடத்தப்பட்டு 2004இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியானது அது. குழந்தையிடம் சாவைப் பற்றிப் பேசியதாகச் சொன்ன 147 பெற்றோரில் ஒருவர்கூட அதற்காக வருந்தவில்லை. பேசாதவர்களில் நான்கில் ஒருவருக்கும் சற்று அதிகமானோர் பேசியிருக்கலாமே என்று வருந்தினார்கள். தன் பிள்ளைக்குத் தெரியும் என்று உணர்ந்தும் பேசாமல் விட்டவர்களிடம் அந்த வருத்தம் கூடுதலாக இருந்தது. பேசாத பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பேச்சை எங்கே தொடங்குவது என்று அவர்களுக்கு யாரும் கற்றுத்தருவதில்லை. ஒரே நாவலை அம்மாவும் மகளும் படித்துவிட்டு, ஹேசலின் அம்மாவைப் பற்றிப் பேசுவதுபோல் தங்களைப் பற்றிப் பேசிக்கொள்ள முடிந்தால் அதுவே பெரிய உதவி. கதாபாத்திரத்தைப் பற்றிப் பேசும்போது அழலாம், கோபப்படலாம், நடுவில் நிறுத்தியும்விடலாம்.

இனி எழுதப்பட வேண்டிய பகுதி பிழைத்தவர்களுடையது. பணக்கார நாடுகளில் பெரும்பாலான பிள்ளைகள் குணமாகும்போது, நாவல்களில் மட்டும் பெரும்பாலோர் செத்துக்கொண்டிருக்கிறார்கள். குணமானவர்களின் வாழ்க்கையோ எளிதானதாக இருப்பதில்லை. சிறுவயதில் எடுத்த சில மருந்துகள் பல ஆண்டுகள் கழித்து இதயத்தைப் பலவீனமாக்கலாம். மூளைக்குக் கொடுத்த சிகிச்சை கணக்குப் பாடத்தைக் கடினமாக்கலாம். குழந்தை பிறக்குமா என்பது கேள்வியாகலாம். ஜோர்டன் சோனன்பிளிக் இந்தப் பக்கம் திரும்பியவர். பள்ளி ஆசிரியராக இருந்தபோது, தம்பிக்குப் புற்றுநோய் வந்த தன் மாணவி ஒருத்திக்குக் கொடுக்க ஒரு புத்தகம் தேடி, கிடைக்காததால் தானே எழுதினார். 2004இல் வந்த அந்த நாவலில் இரத்தப் புற்றுநோய் வந்த குட்டித் தம்பி ஜெஃப்ரி, 2010இல் வந்த 'ஆஃப்டர் எவர் ஆஃப்டர்' நாவலில் எட்டாம் வகுப்பு மாணவன். பிழைத்துவிட்டான். ஆனால் நடையில் ஊனம், வகுப்பில் கவனம் நிற்பதில்லை, மாநிலத் தேர்வில் தேறாவிட்டால் அடுத்த வகுப்பு கிடையாது. வகுப்பில் கூடவே இருக்கும் இன்னொரு புற்றுநோய்ப் பையன் டாட் அவனுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறான். பதிலுக்கு ஜெஃப்ரி அவனைச் சக்கர நாற்காலியிலிருந்து எழுந்து நடக்கப் பழக்குகிறான். டாட் தன்னிடம் எதையோ மறைக்கிறான் என்பது ஜெஃப்ரிக்குத் தாமதமாகத்தான் தெரியவருகிறது.